பெரிய சனிக்கிழமை அடித்த மணி

என் கணவர் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே அவருக்காகத் துக்க மணி அடித்தது. நான் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் குதிகாலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். எண்ணெய்க் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. இதை எழுதலாம் என்று பல தடவை உட்கார்ந்து, மணிச் சத்தம் வருகிற இடத்துக்கு வந்ததும் பயந்து எழுந்து போயிருக்கிறேன். இந்தத் தடவை அந்த இடத்தை முதலிலேயே எழுதிவிட்டேன். இனி எழுந்து போக முடியாது.

எங்கள் ஊர் புதுச்சேரிக்குத் தெற்கே பாகூர் கொம்யூனில் இருக்கிறது. டவுன் பஸ் வந்து திரும்புகிற இடத்தில் மாதா கோயில், அதன் முன்னால் எங்கள் தெரு, தெரு முடிந்தால் நெல்வயல். போன தலைமுறை வரைக்கும் தெருவில் எல்லாருக்கும் நடவும் அறுப்பும்தான் வேலை. இப்போது காலையில் கம்பெனி வேன் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறது. நான் வேனுக்குப் போகவில்லை, வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். என் கணவர் மடுகரைக்காரர், வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். அவர் வீட்டார் அம்மனைக் கும்பிடுகிறவர்கள். தன் அக்கா ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தபோது துணையாக வந்தவர், என்னைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டார். "ஜாக்கெட் தைக்க வந்தோம், சாமியையே மாத்தித் தச்சிட்டாங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

தவக்காலம் தொடங்கின சமயத்தில், ஒரு மாடி வீட்டின் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர் சாரத்திலிருந்து விழுந்தார். தலையில் அடி. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். உயிர் தங்கியது, ஆள் திரும்பி வரவில்லை. கண் திறந்திருக்கும், யாரையும் பார்க்காது. கை சூடாக இருக்கும், பிடித்தால் பிடிக்காது. கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள், தேறலாம், தேறாமலும் போகலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதற்கு மேல் அவர்களுக்கும் தெரியவில்லை.

அவர் மூக்கு வழியாக வயிறு வரைக்கும் ஒரு மெல்லிய குழாய் போட்டிருந்தார்கள். கஞ்சித் தண்ணீர், பால், அரைத்த காய்கறிச் சாறு எல்லாம் அதில்தான். தண்டை உருவிவிட்ட சிரிஞ்சைக் குழாயில் செருகி, மேலே தூக்கிப் பிடித்து, அதில் ஊற்றி, தானாக இறங்க விட வேண்டும். எனக்கும் என் மாமியாருக்கும் நர்ஸ் ஒருவர் அதைச் செய்துகாட்டினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வாய் வழியா ஒரு சொட்டுத் தண்ணிகூட ஊத்தக் கூடாதும்மா. அவருக்கு முழுங்கறது மறந்துபோச்சு. ஊத்துனா நேரா நுரையீரலுக்குப் போயிடும். அப்புறம் காப்பாத்த முடியாது."

இதைக் கேட்டபோது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. ஊற்றக் கூடாது, அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்த அன்றைக்கே எது பெரிய விஷயம் என்று தெரிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் போகிற உயிருக்குப் பால் ஊற்றுவார்கள். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து ஒரு கரண்டியோ ஒரு சங்கோ வாயில் விட்டுவிட்டுப் போவார்கள். அதில் இந்து, கிறிஸ்தவர் என்ற வித்தியாசம் கிடையாது. ஊற்றாமல் விட்டால்தான் பாவம் என்பார்கள். ஆம்புலன்சிலிருந்து இறக்கிக் கட்டிலில் போட்டு நான் தலையணையைச் சரிசெய்து நிமிர்ந்தபோது, வாசலில் பெண்கள் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் முந்தானையால் மூடின டம்ளர். யாரும் அழவில்லை, யாரும் சத்தம் போடவில்லை. வெயிலில் வரிசையாக நின்று நான் வழி விடுவதற்காகக் காத்திருந்தார்கள். எல்லாரும் எனக்குத் தெரிந்த முகங்கள், என் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து கதை பேசுகிறவர்கள். ஆனாலும் எனக்கு உடம்பு சில்லிட்டுப்போனது.

"எதுக்கு வந்தீங்க? அவரு எங்கயும் போவல" என்றேன்.

"யாரும் போவச் சொல்லலடி. ஒரு வாய் ஊத்திட்டுப் போயிடறோம். நல்லா சிரிச்சிக்கினு இருந்த புள்ள" என்றாள் ஒருத்தி.

"இருந்த புள்ள இல்ல, இருக்கற புள்ள. கெளம்புங்க."

அன்றைக்குத் திரும்பிப் போனார்கள். ஆனால் ஒரு வேளை விடாமல் யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். மடுகரையிலிருந்து, நெட்டப்பாக்கத்திலிருந்து, மண்ணாடிப்பட்டில் வாக்கப்பட்ட அவருடைய அக்கா வீட்டிலிருந்து. எல்லாரும் அவர் முன்னாலேயே அவரை நடந்து முடிந்த கதையாகப் பேசினார்கள். மின்விசிறி சுற்றுவது அவருடைய திறந்த கண்ணுக்குள் சின்னதாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டுத்தான் குரலைத் தாழ்த்துவார்கள். ஒரு தடவை நான் கிணற்றடிக்குப் போன நேரத்தில் அவருடைய பெரியம்மா ஒரு கரண்டி ஊற்றிவிட்டார். நான் ஓடி வந்தபோது என் கணவர் உதடு நீலமாகி, தொண்டை களகளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. ஒருக்களித்துப் போட்டு முதுகில் தட்டித் தட்டிப் பாலை வெளியே எடுத்தேன். அந்த அம்மாள் கையைக் கூப்பிக்கொண்டு, "பாத்தியா, எறங்கிச்சு. இனிமே கஷ்டப்படாம போயிடும்" என்று என் தலையைத் தடவினார். அன்போடுதான் தடவினார். அதன் பிறகு நான் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, அவர் தலைமாட்டிலேயே தைக்க ஆரம்பித்தேன்.

இவர்களில் யாருக்கும் நான் பயப்படவில்லை. திட்டித் துரத்த எனக்குத் தெரியும், அதற்கென்றே வாய் படைத்தவள் என்று தெருவில் பெயர். நான் பயந்தது என் மாமியாருக்கு. அவர் ஒன்றும் பேசவில்லை. மகன் விழுந்த அன்றைக்கு வந்தவர் எங்களோடேயே தங்கிவிட்டார். நாள் முழுக்க மகனுடைய கால்மாட்டில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். மடுகரையிலிருந்து வரும்போது ஒரு பித்தளை டம்ளர் கொண்டுவந்திருந்தார். அதைச் சுவரோரமாகக் கவிழ்த்து வைத்திருந்தார். அதில் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. பெற்றவள் கையால் ஊற்றினால்தான் உயிர் நிம்மதியாகப் போகும் என்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை. வருகிறவர்கள் எல்லாரும் போகும்போது அந்த டம்ளரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

என் பக்கத்து ஜனம் மட்டும் என்ன வாழ்ந்தது? கோயில் பெண்கள் வந்து நல்ல மரணத்துக்கான ஜெபம் சொல்ல உட்கார்ந்தார்கள். "நல்ல வாழ்வுக்கு ஒண்ணும் ஜெபம் இல்லியா உங்ககிட்ட?" என்று கேட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள். பங்குச் சாமியார் வந்தபோது அவருக்கே முதலில் கதவைத் திறக்கவில்லை. நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிற நோயில்பூசுதலை எங்கள் தெருவில் இன்னும் அவஸ்தை என்றுதான் சொல்வார்கள், பூசினால் ஆள் அவ்வளவுதான் என்று அர்த்தம். அவர் ஜன்னலுக்கு வெளியே, வெயிலில், எண்ணெய்ச் சிமிழோடு நின்றார்.

"நான் அவர அனுப்பி வைக்க வரலம்மா. நோயாளிக்குத் தெம்பு கேட்டுத்தான் பூசறோம்" என்றார்.

"பொழைக்கணும்னு கேட்டுப் பூசுவீங்களா சாமி?"

"அப்படித்தான் கேப்பேன்."

"சத்தமா கேளுங்க. வெளிய இருக்கறவங்களுக்கும் கேக்கட்டும்."

அவர் சிரிக்காமல் தலையாட்டினார். கதவைத் திறந்தேன். சத்தமாகத்தான் கேட்டார். தெருவில் நின்றவர்கள், அவஸ்தை ஆகிவிட்டது, இன்றைக்கோ நாளைக்கோ என்று பேசிக்கொண்டு கலைந்தார்கள்.

மதியத்தில் நான் ஜெபமாலை சொல்வேன். ஜெபமாலையை இரண்டு பேராகச் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். முதல் பாதி நான், மறு பாதி அவர். அவருக்குப் பசி வந்துவிட்டால் மறு பாதி பஸ் பிடிக்கப் போகிற மாதிரி ஓடும், அதற்காகவே சண்டை போட்டிருக்கிறோம். இப்போது மறு பாதியை நான் சொல்லவில்லை. அது அவருடையது. என் பாதியைச் சொல்லிவிட்டு, அவர் சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் சும்மா இருந்துவிட்டு அடுத்ததற்குப் போவேன். அந்த இடைவெளியில் மின்விசிறிச் சத்தமும் அவருடைய மூச்சும் மட்டும் இருக்கும். மணிகளைத் தள்ளத் தள்ள என் வீட்டிலேயே யாரோ கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி முதுகு கூசும். திரும்பிப் பார்த்தால் மாமியார், கால்மாட்டில், அதே பார்வையோடு உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரி வேலிப் பக்கம் என்னைக் கூப்பிட்டாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"உன் வூட்ல யாருடி பதில் சொல்றது?"

"இன்னா பதில்?"

"மத்தியானம் நீ ஜெபமால சொல்லச் சொல்ல ஆம்பள கொரல் ஒண்ணு பதில் சொல்லுதுடி. அவசர அவசரமா, பசியில சொல்ற மாதிரி. நான் மட்டும் கேக்கல, எம் பொண்ணும் கேட்டா."

நான் கோயில்மேல் ஆணையாகச் சொல்கிறேன், எனக்கு அப்படி ஒன்றும் கேட்டதில்லை. மறுநாள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றுமில்லை. அன்றைக்கும் கேட்டது என்று அவள் சத்தியம் செய்தாள். எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. ஊருக்கே கேட்கிற குரல் எனக்கு ஏன் கேட்கவில்லை? நான் யாருக்காகக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கிடக்கிறேன்? அன்றைக்கு அவர் நெஞ்சில் தலையை வைத்து, எனக்கும் ஒரு தடவை சொல்லித் தொலையுங்களேன் என்று அழுதேன்.

இப்படியே ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் வந்துவிட்டது. கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். பெரிய வியாழக்கிழமை பூசையில் கோயில் மணியை ஒரு தடவை முழங்க அடிப்பார்கள். அதோடு சரி, சனிக்கிழமை ராத்திரி நடக்கிற பாஸ்கா பூசை வரைக்கும் மணி அடிக்கவே கூடாது. அவசியமான இடத்தில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். அந்த நாட்களில் தெருவில் யாராவது இறந்தாலும் துக்க மணி கிடையாது. மணிக்கயிற்றை எட்டாத உயரத்தில் சுருட்டிக் கட்டிவிடுவார், கோயில் வேலைகளைப் பார்க்கிற எங்கள் கோயில்பிள்ளை.

சனிக்கிழமை காலையில் என் அம்மாவை அவருக்குக் காவல் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். வாரக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே கிடந்ததில், எதற்காக இதையெல்லாம் செய்கிறேன் என்பதே மறந்துவிட்ட மாதிரி இருந்தது. மாதா முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் சண்டை போட்டுவிட்டு வரலாம் என்று நினைத்துப் போனேன். வாசலில் வழக்கம்போல் தீர்த்தத் தொட்டிக்குள் விரலை விட்டேன், காய்ந்திருந்தது. உள்ளே பீடத்தில் துணி இல்லை, மெழுகுதிரி இல்லை. நற்கருணை அப்பம் வைக்கிற பேழை வெறுமையாக வாய் திறந்து கிடந்தது. எப்போதும் எரிகிற விளக்கு அணைந்திருந்தது. சுரூபங்கள் எல்லாவற்றையும் ஊதாத் துணியால் தலையோடு கால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். மாதா எது, சூசையப்பர் எது என்று உயரத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து பார்க்கிற காட்சிதான். ஆனால் அன்றைக்கு ஆளில்லாத கோயிலில், துணி சுற்றின அந்த உருவங்களுக்கு நடுவில் நிற்கும்போது, நான் கேட்க வந்த நேரம் பார்த்து எல்லாரும் முகத்தை மூடிக்கொண்டார்கள் என்று தோன்றியது. ஓடிவிடலாம் போல் இருந்தது. ஓடாமல் கீழே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தத் தரையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் ஒன்று புரிந்தது. பேழை காலியாக இருப்பது, இன்றைக்கு இயேசு இங்கே இல்லை என்பதற்காக. விசுவாசப் பிரமாணத்தில் தினமும் சொல்கிறோமே, அவர் செத்து அடக்கம் செய்யப்பட்டுப் பாதாளத்தில் இறங்கினார் என்று. இறங்குகிற நாள் இதுதான். கண் திறந்தபடி யாரையும் பார்க்காமல் என் கணவர் எங்கே கிடக்கிறாரோ, அந்த மாதிரி ஒரு இடத்துக்குத்தான் அவரும் போயிருக்கிறார். அப்படியானால் என் ஆள் அங்கே தனியாக இல்லை. எனக்கு எட்டாத இடத்தில் அவரோடு யாரோ இருக்கிறார்கள். இதை நினைத்ததும் வாரக்கணக்கில் இல்லாத தைரியம் வந்தது. சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். எழுந்து வீட்டுக்குப் போகிற அளவுக்குத் தைரியம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவை அனுப்பிவிட்டு எண்ணெயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உச்சி வெயில். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. அந்த நாட்களில் அவருக்கு மூச்சு நடுநடுவே நின்று நின்று வரும். நான் பழகிவிட்டேன், நிற்கும்போது மனசுக்குள் ஒரு சின்ன ஜெபம் சொல்வேன், முடிவதற்குள் வந்துவிடும். அன்றைக்குக் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. கால்மாட்டில் இருந்த என் மாமியார் எழுந்தார். வாசல் வரைக்கும் போனார். அங்கிருந்து ஒரு கத்தல் கத்தினார்.

"அய்யோ, எம் புள்ள!"

அதற்குள் மூச்சு வந்துவிட்டது. "இருக்குது அத்த, இருக்குது, கத்தாதீங்க" என்றேன். அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கோயில் மணி அடித்தது. ஒரு அடி. அந்தச் சத்தம் முழுசாக ஓய்ந்த பிறகு அடுத்த அடி. துக்க மணிதான், சந்தேகமே இல்லை. பேசக் கூடாத நாளில் மணி பேசியது. என் கையில் அவருடைய கால் சூடாக இருந்தது. நான் அந்தக் காலையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒருவேளை எனக்குத்தான் பைத்தியமோ, இவர் போய்விட்டாரோ, நான் மட்டும் தெரியாமல் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறேனோ என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

தெரு திறந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் வாசல் நிறைய ஜனம். யார் போன் செய்தார்களோ, பாகூரிலிருந்து டெம்போவில் ஐஸ் பெட்டி வந்துவிட்டது. பிணத்தை வைக்கிற கண்ணாடிப் பெட்டி. நான் வெளியே வருவதற்குள் இறக்கி என் வாசலுக்கு நேராக வைத்து, எதிர் வீட்டிலிருந்து ஒயர் இழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த சாவுக்கு நேரமாகிறது என்று டெம்போ போய்விட்டது. பெட்டிக்குள் விளக்கு எரிந்தது. அத்தனை வெயிலில் அது குளிர்ந்து, ம்ம்ம் என்று முனகிக்கொண்டு, கண்ணாடியெல்லாம் வியர்த்துக் காலியாகக் கிடந்தது. எல்லாரும் அதைச் சுற்றித்தான் நின்றார்கள்.

"அவரு உயிரோட இருக்கறாரு. யாரு மணி அடிச்சது?" என்று கத்தினேன்.

கோயில்பிள்ளை சத்தியம் செய்தார். அவர் சாப்பிடப் போயிருந்தாராம். கடைசியில் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து என் கணவருடைய சித்தப்பா மகன் முன்னால் வந்தான். மீசை வைத்த ஆள், என் மாமியாரைப் பெரியம்மா என்று கூப்பிடுகிறவன்.

"நான்தான் அண்ணி. பெரியம்மா கத்துச்சு. உங்காளுங்கள்ல செத்தா மணி அடிக்கணும்னு அண்ணன் சொல்லியிருக்கறாரு. அவருக்கு ஒரு கொறயும் வைக்கக் கூடாதுன்னு ஓடிப்போயி பெஞ்சு மேல ஏறி கயித்த அவுத்து இழுத்தேன். இன்னிக்கு அடிக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாது."

அவனை என்ன சொல்வது? அவனும் அன்பாகத்தான் செய்தான். என்னைச் சுற்றி எல்லாரும் அன்பாகவே எல்லாவற்றையும் செய்தார்கள். ஆனால் கூட்டம் கலையவில்லை. விஷயம் தெரிந்த பிறகு இன்னும் நெருங்கித்தான் வந்தது.

"தெரியாம அடிச்சாலும் அடிச்சது அடிச்சதுதான். அதுவும் இன்னிக்கி. ஒண்ணு கொண்டுக்கினுதான் போவும்" என்றார் ஒரு பெரியவர். "நீ புடிச்சி வச்சிக்கினு இருந்தா வேற வூட்ல எடுக்கும்."

நான் பதில் சொல்ல வாயெடுத்தபோது எனக்குப் பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. கூட்டத்தில் சில பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். உள்ளே இருந்தது என் மாமியார் மட்டும்தான்.

வீட்டைச் சுற்றி ஓடி, தோட்டத்துக் கதவு வழியாக உள்ளே போனேன். அவர் மகனுடைய தலைமாட்டில், நான் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்திருந்தார். கவிழ்த்து வைத்திருந்த டம்ளர் அவர் கையில் இருந்தது, அதில் பால். மகன் முகத்தைத் துடைத்து, நெற்றியில் முடியை ஒதுக்கிவிட்டிருந்தார். இன்னொரு கையால் அவருடைய கீழுதட்டை மெல்ல விலக்கிப் பிடித்திருந்தார். நான் பாய்ந்தால் கை பதறிப் பால் சரிந்துவிடும். நின்ற இடத்திலேயே நின்றேன்.

"அத்த, அது உள்ள போனா மூச்சு அடைச்சிக்கும்."

"தெரியும்."

"தெரிஞ்சேவா?"

"அந்த நர்சம்மா சொல்லும்போது நானும் பக்கத்துலதான்டி நின்னேன். எனக்கு இன்னா காது இல்லியா?"

குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. அவர் மகனைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இன்னிக்கு நீ இருக்கற, பாத்துக்கற. இன்னும் எத்தினி நாளிக்கு? உனக்கு வயசு இருக்குது, புள்ள குட்டி இல்ல. ஒரு நாளிக்கு நீ போயிடுவ. நான் தப்பு சொல்ல மாட்டேன், போவணும்தான். நானும் போயிடுவேன். அப்புறம் இவன் மேல ஒக்கார்ற ஈய ஓட்ட யாரு இருக்கறா? நான் இருக்கும்போதே, என் கையாலயே போயிடட்டும்."

நான் போக மாட்டேன் என்று சொல்ல வந்தேன், சொல்லவில்லை. அவர் நம்ப மாட்டார். வெறும் வார்த்தையை நானே நம்பியிருக்க மாட்டேன். கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் முட்டி போட்டு உட்கார்ந்தேன். காலையில் கோயில் தரையில் வந்த அந்தத் தைரியம் இன்னும் இருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அத்த, இன்னிக்கு எங்க சாமி செத்துக் கெடக்கற நாளு. நேத்து செத்தாரு, நாளைக்கு எழுந்திருப்பாரு. இன்னிக்கு ஒண்ணும் கெடையாது. கோயில்ல பூச இல்ல, வெளக்கு இல்ல."

"அவருக்கு ஆயி இருந்தாளா?"

"இருந்தாங்க. மாதா."

"இன்னிக்கு அவ இன்னா பண்ணா?"

இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை.

"ஒண்ணும் பண்ணல. ஒக்காந்துக்கினு இருந்திருப்பாங்க. நாள் முழுக்க."

"அப்புறம்?"

"அப்புறம் ஞாயித்துக்கெழம வந்துச்சு."

அவர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "எம் புள்ளைக்கு வருமாடி?"

"தெரியாது அத்த. சத்தியமா எனக்குத் தெரியாது. வர்ற வரைக்கும் ஒக்காந்திருக்கலாம்னுதான் இருக்கறேன். தனியா முடியல."

வெளியே பெட்டி முனகுகிற சத்தம் மட்டும் கேட்டது. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளிருந்து வரப்போகிற ஓலத்துக்காகக் காத்திருந்தார்கள். மாமியார் மகனுடைய உதட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை. நான் ஜன்னல் விளிம்பில் கழுவி வைத்திருந்த சிரிஞ்சை எடுத்தேன். குழாயின் மூடியைத் திறந்து அதில் செருகி, அவரிடம் நீட்டினேன்.

"பால் ஊத்தணும்னுதானே இத்தன நாளா காத்திருந்தீங்க? ஊத்துங்க. பெத்தவங்க கையாலயே ஊத்துங்க. ஆனா இதுல ஊத்துங்க. இது அவரு சாப்புடற நேரம்."

அவர் சிரிஞ்சைப் பார்த்தார், மகன் முகத்தைப் பார்த்தார். பிறகு மகனுடைய உதட்டிலிருந்து விரலை எடுத்தார். நான் என் கணவர் தலைக்குக் கீழே இன்னொரு தலையணை வைத்துத் தூக்கினேன். மாமியார் சிரிஞ்சை வாங்கி, நர்ஸ் காட்டின உயரத்துக்குச் சரியாகத் தூக்கிப் பிடித்தார். டம்ளரைச் சாய்த்தார். வெள்ளையாகக் குழாய் வழியே இறங்கி மூக்குக்குள் மறைந்தது. மாமியார் கண் அந்தப் பாலோடேயே இறங்கிக்கொண்டு போனது. களகளப்பு இல்லை, நீலம் இல்லை. மகன் மூச்சு அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பார்கள், சொல்லிவிடுகிறேன். என் கணவருடைய பார்வை என் முகத்தில் நின்றது அதற்கு வெகு நாள் கழித்து, மழைக்காலத்தில். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். பேச்சு குழறும், பெயர்கள் மறக்கும். கோயிலில் என்னைச் சாட்சி சொல்லச் சொல்கிறார்கள், கடவுள் எழுப்பின கதையைச் சொல் என்கிறார்கள். நான் ஏறி நின்றதில்லை. அவர்களுக்கு வேண்டியது மழைக்காலத்தில் நடந்தது. எனக்குச் சொல்லத் தெரிந்தது சனிக்கிழமையில் நடந்தது மட்டும்தான்.

அன்றைக்குப் பால் முழுசும் இறங்கியதும், குழாய் அடைக்காமல் இருக்கக் கொஞ்சம் தண்ணீர் விட மாமியாரிடம் சொன்னேன். விட்டார். நான் போய்த் தாழ்ப்பாளை எடுத்துக் கதவைத் திறந்தேன். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். முன்னால் நின்ற பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கி வைத்திருந்தார்கள். அத்தனை கண்ணும் என் வாயைப் பார்த்தது.

"சாப்பிட்டாரு" என்றேன்.

தூக்கின கைகள் அப்படியே நின்றன. எனக்குப் பின்னால் என் மாமியார் டம்ளரைக் கழுவுகிற சத்தம் கேட்டது. அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"இன்னாடி, அடுத்த வேள எப்ப?"